தண்டல் சூசைராயனும் கல்லில் இருந்த கப்பலும்

ஆதார் அட்டையை அதற்குரியவர் கொண்டுவராமல் வேறொருவர் கொண்டுவந்து நகல் கேட்டால், எதற்கு என்று கேட்காமல் நான் விடுவதில்லை. மலைமேல் இருக்கும் செம்மேட்டில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்து இருபத்தாறு வருடம் ஆகிறது. யார் பெயரில் யார் என்ன எழுதி வாங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வந்த புத்தி அது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி வந்து ஓர் அட்டையை நீட்டி ஆறு நகல் கேட்டாள். அட்டையில் சூசைராயன் அவர்களின் முகம் இருந்தது. அவருடைய அட்டை உன் கைக்கு எப்படி வந்தது, ஆறு நகல் எதற்கு என்று வழக்கம்போல விசாரித்தேன்.

"விடியக்காலம் தவறிட்டாருங்கக்கா" என்றாள். "ஆம்புலன்ஸுக்கும் சர்ட்டிபிகேட்டுக்கும் வேணும்னு ஸ்டெல்லா சிஸ்டர் சொன்னாங்க."

கண்ணாடிமேல் அவர் முகத்தைக் கவிழ்த்து வைத்தேன். வெளிச்சம் ஆறு தடவை போய் வந்தது. நகல்களைக் கொடுத்து, காசு வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டு, ஷட்டரைப் பாதிக்கு இறக்கி உள்ளே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா அவருடைய ஒரே மகள். எங்கள் மலையில் செவிலியராக இருக்கிறார். முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களிடம் கொடுக்க, அப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னைத்தான் கேட்டார். அப்பாவுடைய எல்லாக் கடிதமும் உங்கள் கையால் வந்ததுதானே என்றார். எல்லாக் கடிதமும் என்றபோது எனக்குக் குத்தியது. ஏன் குத்தியது என்று சொல்லாமல் இந்த அஞ்சலியை எழுத முடியாது. அதனால் இரண்டு பக்கத்தில் முடியாமல் போகிறது, ஸ்டெல்லா பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சூசைராயன் அவர்களை அறியாதவர்களுக்காக முதலில் சொல்கிறேன். அவர் தூத்துக்குடிக் கரையைச் சேர்ந்தவர். பாய் கட்டி ஓடிய மரத்தோணிகளில் சிறு வயதிலேயே ஏறியவர். உப்பும் வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தவர். தோணிகளுக்கு இன்ஜின் வந்த பிறகும் சில வருடம் ஓட்டிவிட்டுக் கரையேறினார். தோணியை நடத்திச் செல்லும் தலைவருக்கு அந்தக் கரையில் தண்டல் என்று பெயர். கப்பலுக்குக் கேப்டன் எப்படியோ தோணிக்குத் தண்டல் அப்படி. அந்தப் பட்டத்தை அவர் தம் பெயரைவிடப் பெரிதாக வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் தண்டல் என்றால் வேறு. காலையில் அடிவாரத்திலிருந்து பைக்கில் மலையேறி வந்து, வட்டிக்கு விட்ட பணத்தை நோட்டில் குறித்துக் குறித்து வசூலிப்பவர்தான் தண்டல்காரர். மனைவி காலமான பிறகு சூசைராயன் அவர்கள் மகளோடு இருக்க மலைக்கு வந்தார். வந்த முதல் வாரத்தில் செம்மேட்டு டீக்கடையில் யாரோ அவரிடம் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். "நாப்பது வருசம் தண்டலா இருந்தேன்" என்று அவர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். கடையில் பேச்சு நின்றுவிட்டது. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் பாய்லருக்குப் பின்னால் போய், சூசைராயன் அவர்கள் எழுந்து போகும்வரை வெளியே வரவில்லை என்று கேள்வி. ஆள் வேறு கறுப்பாக, உயரமாக, கையில் நங்கூரம் பச்சை குத்திக்கொண்டு இருந்தார். அது நங்கூரம் என்று எங்கள் ஆட்களுக்கு என்ன தெரியும். கொக்கி என்று நினைத்தார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்கு மேலும் நினைத்தேன். மலைக்கு ஏன் வந்தீர்கள் என்ற கேள்விக்கு அவர் ஆளுக்கு ஒரு பதில் சொல்லியிருந்தார். டீக்கடையில் காற்றுக்காக வந்தேன் என்றார். ஆஸ்பத்திரியில் மகளுக்காக என்றார். மலையிலேயே திருப்புலி நாடு என்ற ஊரில் மிளகுக் கொடி போட்டிருக்கும் என் தம்பி பொன்னுசாமியிடம், மிளகு எங்கே விளைகிறது என்று பார்க்க வந்தேன் என்றார். ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்கிற ஆள் சும்மா வந்திருக்க மாட்டார் என்று முடிவு கட்டினேன். சோழியன் குடுமி சும்மா ஆடாது. என் வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். பாலைக் கொடுத்தால்கூட மாட்டை விசாரித்துவிட்டுத்தான் நீ குடிப்பாய் என்றார். மூன்று பதிலும் உண்மையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு நாள் அவர் என் கடைக்கு வந்தார். கையில் ஒரு புகைப்படம் இருந்தது. ஏதோ ஒரு துறைமுகப் பட்டணத்து அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கும் மரத்தோணி பொம்மையின் படம். அவர்களுக்கு ஒரு கடிதம் அடிக்க வேண்டும் என்றார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை. உட்கார்ந்து சொன்னால் தமக்குச் சொல் வராது என்றார். கடைசிவரை எல்லாக் கடிதத்தையும் நின்றபடியேதான் சொன்னார். பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டையின் தாழ்ந்த நுனி தோணியின் முன்பக்கம் வர வேண்டும், நீங்கள் பின்பக்கம் வைத்திருக்கிறீர்கள், இப்படிக் கட்டினால் இந்தத் தோணி துறையை விட்டே நகராது, பார்க்க வரும் பிள்ளைகள் தப்பாகப் படித்துக்கொண்டு போகும், தயவுசெய்து திருப்பிக் கட்டவும். இவ்வளவுதான் கடிதம். கீழே 'இப்படிக்கு, சூ. சூசைராயன், தோணித் தண்டல் (ஓய்வு)' என்று போடச் சொன்னார்.

தண்டல் என்று அடித்ததும் என் விரல் நின்றது. வசூல் செய்கிறவர் அருங்காட்சியகத்துக்கு ஏன் எழுத வேண்டும் என்று நேராகவே கேட்டுவிட்டேன். டீக்கடையில் நடந்தது முழுவதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரில் கை ஊன்றிக்கொண்டு சிரித்தார். அதன் பிறகுதான் அந்தச் சொல்லின் பொருளை எனக்கு விளக்கினார். வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். "பயந்துகிட்டு இருக்கட்டும் தங்கச்சி. டீக்கடையில எடம் கெடைக்குல்லா" என்றார். அன்றிலிருந்து அவருக்கு நான் தங்கச்சி, எனக்கு அவர் அண்ணா. ஆனாலும் இந்த மலையில் அந்தச் சொல்லின் சரியான பொருள் தெரிந்தவர்கள், அவர் மகளை விட்டால், நான் ஒருத்திதான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பிறகு மாதத்துக்கு ஒரு கடிதமாவது இருக்கும். இடிந்துகொண்டிருக்கும் ஒரு பழைய கலங்கரை விளக்கத்துக்குச் சுண்ணாம்பாவது அடியுங்கள் என்று ஒன்று. ரவுண்டானாவில் கிடத்தியிருக்கும் பழைய கப்பலின் நங்கூரத்துக்கு வெள்ளி பெயின்ட் அடிக்காதீர்கள், அது சாமி சிலை அல்ல என்று ஒன்று. மண் மூடிப்போன துறைமுகம் ஒன்றின் அறிவிப்புப் பலகையில் கடல் இருக்கும் திசை தப்பாக இருக்கிறது என்று மற்றொன்று. பதில் வருவது அபூர்வம். வந்தால் அதையும் நகல் எடுத்து வைத்துக்கொள்வார். இவற்றை அடிக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். நாலாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த மனிதர் கடலோரம் முழுவதற்கும் கடிதம் போடுகிறாரே, இதில் ஏதோ சங்கேதம் இருக்குமோ என்று வரிகளைத் திருப்பித் திருப்பிப் படிப்பேன். ஒன்றும் கிடைக்காது. ஒன்றும் கிடைக்காததே எனக்குச் சந்தேகமாக இருக்கும்.

அவர் உண்மையில் கடலோடிதானா என்றுகூட ஒரு சமயம் சந்தேகப்பட்டேன். காரணம் எங்கள் மலைப்பாதை. காரவள்ளியிலிருந்து மேலே வர எழுபது கொண்டை ஊசி வளைவு. நாமக்கல் போய்த் திரும்பும் நாளெல்லாம் அவர் வாந்தி எடுப்பார். சட்டைப் பையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் பஸ் ஏற மாட்டார். கடலில் நாற்பது வருடம் ஆடினவருக்கு நாற்பது மைல் பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். "தோணி ஆடுனா நாமளும் சேந்து ஆடுவோம் தங்கச்சி. இந்த பஸ்ஸு நம்மளக் கேக்காமத் திருப்புது" என்றார். கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. எழுத்தில் அடித்து வைத்ததுபோல நன்றாக இருக்கும் பதிலை நான் நம்புவதில்லை.

இனி கல்லுக்கு வருகிறேன். என் தம்பி பொன்னுசாமியின் மிளகுத் தோட்டத்து மேட்டில் ஒரு கல்திட்டை உண்டு. மூன்று பக்கம் பலகைக் கல் நிறுத்தி மேலே ஒரு கல்லை மூடிய பழங்காலத்து அமைப்பு. குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்று எங்கள் வீட்டில் அதைக் குள்ளர் ஊடு என்போம். தம்பி அதற்குள் மண்வெட்டியும் நடுவதற்கான மரவள்ளிக் குச்சியும் போட்டு வைத்திருந்தான். சூசைராயன் அவர்கள் அந்தப் பக்கம் நடந்து போனபோது மழை பிடித்துக்கொண்டது. குனிந்து உள்ளே ஒதுங்கியிருக்கிறார். நனைந்த கண்ணாடியைத் துடைக்கப் போனின் வெளிச்சத்தைப் போட்டவர், உள் பலகைக் கல்லில் ஒரு கீறல் சித்திரத்தைக் கண்டார். ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கப்பல். வளைந்த அடி, நடுவில் ஒரு பாய்மரம், ஒரு பாய், உச்சியில் ஒரு கொடி.

தம்பியை அழைத்துக் காட்டியிருக்கிறார். அவன் பிறந்ததிலிருந்து அந்தக் கல்லோடு இருப்பவன். "என்னுமோ கோழி கீறுனாப்ல இருக்குதுங்க" என்றானாம். ஆனால் இவர் விடவில்லை. மறுநாள் காலை என் கடைக்கு வந்து, பழஞ்சின்னங்களைக் காக்கும் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் சொன்னார். அவர்களும் அதிசயமாக வந்துவிட்டார்கள். மலைமேல் கப்பல் எப்படி வந்தது என்று படம் எடுத்தார்கள். கல்திட்டையைச் சுற்றி வேலி போட்டுப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கலாம் என்று பேச்சு வந்தது.

தம்பிக்குத் தூக்கம் போயிற்று. அந்த மேட்டைச் சரித்துத் தோட்டத்துக்கு லாரி வர ஒரு பாதை போட அவன் எண்ணியிருந்தான். மிளகு மூட்டையைத் தலைச்சுமையாகவே எத்தனை வருடம் இறக்குவது. வேலி வந்துவிட்டால் தன் நிலத்தில் தானே மண்வெட்டி போட முடியாது, மெல்ல மெல்ல நிலமே போய்விடும் என்று என்னிடம் வந்து அழுதான். எனக்கு அப்போது எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டதுபோல் இருந்தது. கப்பல்காரர் ஒருவர் மலைக்கு வருகிறார். இரண்டு வருடத்தில் மலையில் ஒரு கப்பல் முளைக்கிறது. அதைக் கண்டுபிடிப்பவரும் அவரே. எத்தனை தலைமுறையாக ஆடு மேய்த்த எங்கள் கண்ணில் படாத கப்பல் இவர் கண்ணில் மட்டும் படுமா. மழைக்கு ஒதுங்கினாராம், கையில் ஓர் ஆணி இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததோடு நிற்கவில்லை. மொட்டைக் கடிதம் எழுதினேன்.

இதைத்தான் இத்தனை வருடமும் யாரிடமும் சொல்லவில்லை. கடைக் கம்ப்யூட்டரில் அடிக்காமல் வீட்டில் அடித்தேன். நான் வழக்கமாகப் பயன்படுத்தாத எழுத்துருவில் மாற்றினேன். நாமக்கல் போய் அச்செடுத்து, சேந்தமங்கலத்தில் தபாலில் போட்டேன். ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுக்கிறவளுக்கு எந்தெந்த வழியில் மாட்டுவோம் என்று தெரியாதா. "முன்னாள் தோணித் தண்டலான இந்நபர் தாமே ஆணியால் கீறிவிட்டுப் பழஞ்சின்னம் என்று அதிகாரிகளை ஏமாற்றுகிறார், தீர விசாரிக்க வேண்டும்" என்று எழுதி, எல்லா மொட்டைக் கடிதத்திலும் உள்ளபடி 'இப்படிக்கு, பொதுநலன் விரும்பி' என்று முடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

இருபது நாள் கழித்து அவர் கடைக்கு வந்தார். அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு அவருக்கு வந்த கடிதமும், அதோடு இணைத்திருந்த என் மொட்டைக் கடிதத்தின் நகலும் கையில் இருந்தன. கண்ணாடி எடுத்து வர மறந்துவிட்டேன், நீங்களே வாசித்துக் காட்டுங்கள் என்று என்னிடம் நீட்டினார். அவர் சட்டைப் பையில் எலுமிச்சம்பழத்துக்குப் பக்கத்தில் கண்ணாடிக் கூடு துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அதற்குள் கண்ணாடி இருந்ததா, வெறும் கூடா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

நான் எழுதியதை நானே அவர் முன்னால் வாசித்தேன். தோணித் தண்டல் என்ற இடம் வந்ததும் அவர் கையைத் தூக்கினார்.

"அத மட்டும் இன்னொரு தடவ வாசிங்க" என்றார்.

வாசித்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கடிதம் முடிந்ததும், பதில் சொல்கிறேன், அடியுங்கள் என்று வழக்கம்போல நிமிர்ந்து நின்றார். அந்தப் பதில் எனக்கு வரி தவறாமல் நினைவிருக்கிறது.

"ஐயா, கல்லில் உள்ள கப்பலை நான் கீறவில்லை. கீறியிருந்தால் இப்படிக் கீறியிருக்க மாட்டேன். அதில் பாய் இடப்பக்கம் உப்பியிருக்கிறது. கொடி வலப்பக்கம் பறக்கிறது. காற்று ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் அடிக்காது. கொடியைப் பார்த்துப் பார்த்துப் பாய் கட்டியவன் கை தூக்கத்தில்கூட அப்படிக் கீறாது. இதைக் கீறியவர் கப்பலைப் பார்க்காதவர். யாரோ சொல்லக் கேட்டவர். எந்தக் காலத்தவர் என்று எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்ல மாட்டேன். என்மேல் எவ்வளவு வேண்டுமானாலும் விசாரணை வையுங்கள். கல்லை மட்டும் உடைக்க விடாதீர்கள்."

அடித்து முடித்ததும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, கடிதத்துக்கல்லாமல் தமக்குச் சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார். "இங்கருந்து மொளகு தூக்கிட்டு எவனோ கடக்கர வரைக்கும் போயிருக்கான். திரும்பி வந்து கப்பல் இப்படி இருந்துச்சுன்னு கத சொல்லிருக்கான். கேட்டவன் ஒருத்தன் கீறி வச்சிருக்கான். கேட்டவனுக்குக் காத்து தெரியாதுல்லா." அவர் இந்த மலைக்கு மிளகு பார்க்க வந்ததாகச் சொன்ன பதிலின் பொருள் எனக்கு அப்போதுதான் லேசாகப் புரிந்தது. அவர் நாற்பது வருடம் சரக்கு ஏற்றிய கரைக்கு இந்த மலையும் ஒரு காலத்தில் சரக்கு அனுப்பியிருக்கும் என்று அவர் தேடி வந்திருக்கிறார்.

புரிந்தும் என் புத்தி அடங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்துக்கொண்டிருந்தபோதே வாய் கேட்டுவிட்டது.

"ஏனுங்கண்ணா, தெரிஞ்சவனே தெரியாதவனாட்டம் தப்பாக் கீற முடியாதுங்களா?"

அவர் திரும்பினார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "முடியும்" என்றார். "நல்லாக் கேட்டீங்க. அதையும் சேத்து அடிங்க. ஆபீசர் யோசிக்கட்டும்."

அப்படியே அடித்தேன். தெரிந்தவனே வேண்டுமென்று தவறாகவும் கீற முடியும், அதையும் கணக்கில் கொண்டு விசாரியுங்கள் என்று தமக்கு எதிரான வரியைத் தாமே சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அந்த வரியால்தான் அலுவலகத்தில் கோப்பு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். அதன் பிறகு அங்கிருந்து யாரும் வரவில்லை. கேட்டு எழுதியபோதெல்லாம் பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. என் தம்பி மட்டும் ஒரு காரியம் செய்தான். சூசைராயன் அவர்கள் கேட்டுக்கொண்டதால், அதிகாரி வந்து முடிவு சொல்லும்வரை மேட்டில் கை வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தான். அவர் வருடத்துக்கு ஒரு தடவை போய் கல்லைச் சுற்றி மண்டும் உண்ணிச்செடிப் புதரை வெட்டிச் சுத்தம் செய்து, அந்த வாக்கை நினைவுபடுத்திவிட்டு வருவார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருடம் அவர் என் கடைக்கு வந்தார். அந்த ஒன்பது வருடமும் நான் நிம்மதியாக இல்லை. அவருக்குத் தெரியுமா, தெரியாதா. நல்லா இருக்கீங்களா என்றால் அதில் ஏதாவது உள்ளர்த்தம் இருக்குமோ என்று பார்ப்பேன். கடிதத்தில் உண்மை என்ற சொல் வந்தால் என்னைத்தான் குத்துகிறார் என்று நினைப்பேன். ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தவர் ஒரு பொட்டலம் வஞ்சிரக் கருவாடு கொடுத்தார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் துண்டைப் பூனைக்குப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பூனை இன்னொரு துண்டு கேட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சும்மா இல்லை. நானே சொல்லிவிடலாம் என்று எத்தனையோ நாள் வாயெடுத்தேன். ஒருவேளை தெரியாமல் இருந்தால் நானே போய் மாட்டிக்கொள்வானேன் என்று அடக்கிக்கொண்டேன்.

அவர் இறந்த அன்று மதியம் அவரை ஊருக்கு எடுத்துப் போனார்கள். மனைவிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம். ஆம்புலன்ஸ் புறப்படும் முன் ஸ்டெல்லா என்னைப் பார்த்து, எலுமிச்சம்பழம் கிடைக்குமா அக்கா என்று கேட்டார். டீக்கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்தேன். பாய்லருக்குப் பின்னால் ஒளிந்த அதே கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்தார். அதை அண்ணாவின் சட்டைப் பையில் வைத்தேன். வண்டி வளைவில் திரும்பி மறைந்தது.

பத்து நாள் கழித்து ஸ்டெல்லா திரும்பி வந்தார். அப்பா உங்களிடம் கொடுக்கச் சொன்னார் என்று ஒரு தடித்த கோப்பைத் தந்தார். நான் அடித்துக் கொடுத்த எல்லாக் கடிதங்களின் நகலும் வரிசை தப்பாமல் அதில் இருந்தன. அருங்காட்சியகத்துக்கு எழுதிய முதல் கடிதம், கலங்கரை விளக்கம், நங்கூரம், கல்திட்டை. அதற்கு அடுத்ததாக, தாம் சொல்லாத ஒரு கடிதத்தையும் அவர் அதே வரிசையில் வைத்திருந்தார். என் மொட்டைக் கடிதம். அதில் தண்டல் என்ற சொல்லுக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரே வரி.

"மலையில ஒருத்தங்களாவது சரியா எழுதிட்டாங்க. சந்தோசம்."

எழுத்துரு மாற்றினேன், ஊர் மாற்றித் தபாலில் போட்டேன். அவர் சொல்லிக் கொடுத்த சொல்லை அவர் சொன்ன பொருளிலேயே எழுதியதில் மாட்டிக்கொண்டேன். வேறு யார் எழுதியிருந்தாலும் வட்டிக்காரர் என்றுதானே எழுதியிருப்பார்கள். அன்று இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னது என்னை மாட்டிவைக்கத்தானோ என்று ஒன்பது வருடம் பயந்துகொண்டிருந்தேன். அந்தச் சொல்லை இன்னொரு முறை காதால் கேட்க ஆசைப்பட்டுத்தான் சொல்லியிருக்கிறார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இருந்தும் அழுதேன்.

மறுநாள் திருப்புலி நாட்டுக்குப் போனேன். தம்பி ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது என்றான். வாக்கு வாங்கியவரே போய்விட்டார், அதிகாரியும் வரவில்லை, இனி யாருக்காகக் காத்திருப்பது என்றான். அவனை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து மண்ணைக் கிளறினான்.

"எனக்காவத்தான் அந்தக் கடுதாசியப் போட்டியாக்கா?" என்றான்.

ஆமாம் சாமி என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. என் புத்திக்காகவும்தான் போட்டேன்.

"அவருகிட்டக் குடுத்த வாக்கு அப்படியே இருக்கட்டும். ஆபீசுக்கு நீ பேரு போட்டு எழுது. பதில் வர்ற வரைக்கும் மிசினு வராது" என்றான்.

இருவரும் கல்திட்டைக்குள் குனிந்து பார்த்தோம். போன் வெளிச்சத்தில் கப்பல் அங்கேயே நின்றது. பாய் ஒரு பக்கம், கொடி ஒரு பக்கம். அது ஆயிரம் வருடத்துக் கப்பலா, நூறு வருடத்துக் கப்பலா என்று எனக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் அதில் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தேகம் இருக்கிறது. ஆனால் அதைக் கீறியது சூசைராயன் அவர்கள் அல்ல. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வாழ்நாளில் சந்தேகமில்லாமல் நான் சொல்லும் சில விஷயங்களில் இது ஒன்று.

அலுவலகத்துக்கு நேற்றுக் கடிதம் அடித்தேன். மொட்டைக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன், எழுதியவள் நான், விசாரிக்க வேண்டுமானால் என்னை விசாரியுங்கள், கல்லை உடைக்க விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறேன். அதை நாற்காலியில் உட்கார்ந்து அடிக்க முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டுதான் அடித்தேன்.

ஜெபத்துக்கு வந்திருக்கும் மலைக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். அவர் உங்களிடம் எதையும் வசூலிக்க வந்தவர் அல்ல. தண்டல் என்றால் தோணியைக் கரை சேர்ப்பவர்.

போய் வாருங்கள், தண்டல்.

இப்படிக்கு,
முன்பு பொதுநலன் விரும்பி என்று எழுதிய
மு. பழனியம்மாள்,
டைப்பிங் கடை, செம்மேடு.